தின் ஃபிலிம் சோலார் பேனல்: உடையாதவரை பயமில்லை, உடைந்தால்?

பல்லடம், தாராபுரம், உடுமலை பக்கம் மானாவாரிக் காட்டைச் சோலாருக்குக் குத்தகை கேட்டு ஆள் வருவது பழகிப்போன காட்சி. ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, வருடாவருடம் எவ்வளவு ஏற்றித் தருவார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே நிற்கப்போவது எந்த வகை பேனல் என்ற கேள்வி வருவதே இல்லை. சிலிக்கான் என்றால் ஒரு கணக்கு, கண்ணாடிமேல் மெல்லிய படலமாகப் படியவைத்த தின் ஃபிலிம் என்றால் வேறு கணக்கு. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றி.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சிலிக்கான் பேனலில் கட்டம் கட்டமாகச் செல்கள் தெரியும், குறுக்கே வெள்ளிக் கம்பிகள் ஓடும். தின் ஃபிலிம் முழுப் பரப்பும் ஒரே கறுப்பாகவோ கருந்தவிட்டு நிறமாகவோ இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான இடைவெளியில் தலைமயிர் கனத்தில் இணைகோடுகள் தெரியும்; லேசரால் கீறியவை. பின்பக்கமும் பெரும்பாலும் கண்ணாடிதான். பழைய மாடல்களில் அலுமினிய ஃபிரேம் கிடையாது, ரப்பர் வைத்த கிளிப் மட்டும் பிடித்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால் பின்பக்க லேபிளில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 450 வாட் அளவுள்ள காட்மியம் டெல்லுரைடு (காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்த தின் ஃபிலிம் வகை) பேனல் ஒன்றே 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும், கரண்ட் 2.5 ஆம்பியர் வாக்கில் இருக்கும். அதே வாட் சிலிக்கான் பேனலில் 40, 50 வோல்ட்டும் 10 ஆம்பியருக்கு மேலும் இருக்கும். இந்த 200 வோல்ட்டை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

உலகத்தில் விற்கும் பேனல்களில் தின் ஃபிலிம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வீட்டு மாடியில் அரிது, பெரிய சோலார் பண்ணைகளுக்குத்தான் போகிறது. ஆனால் 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் 3.3 கிகாவாட் ஆலை திறந்தாயிற்று. நம் மாநிலத்திலேயே தயாராகும் சரக்கு நம் காட்டுக்கு வராது என்று இருக்க முடியாது.

தின் ஃபிலிமில் மூன்று வகை உண்டு. அமார்ஃபஸ் சிலிக்கான் பேனலில் விஷ உலோகம் என்று பயப்பட ஒன்றும் பெரிதாக இல்லை. அதன் ஆபத்தெல்லாம் ஆலைக்குள்: சிலேன் வாயு காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், படலம் படியவைக்கும் அறையைச் சுத்தம் செய்யும் நைட்ரஜன் ட்ரைஃபுளோரைடு கசிந்தால், நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பதினாறாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் பிடித்துவைக்கும். இரண்டாவது, செம்பு-இண்டியம்-காலியம்-செலினியம் கலவை. இதில் செலினியமும், மிக மெல்லிய காட்மியம் சல்ஃபைடு படலமும் உண்டு. சந்தையில் அருகிவிட்டது. நம் ஊரில் யோசிக்க வேண்டியது மூன்றாவதான காட்மியம் டெல்லுரைடு.

ஒரு பேனலில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பதை நாமே கணக்குப் போடலாம். படலத்தின் தடிமன் 2 முதல் 3 மைக்ரான். நடுவாக 2.5 என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கன சென்டிமீட்டர். காட்மியம் டெல்லுரைடின் அடர்த்தி 5.85, ஆக எடை 14.6 கிராம். அந்த எடையில் 47 சதவீதம் காட்மியம். சதுர மீட்டருக்கு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இப்போதைய பெரிய பேனல் இரண்டரை சதுர மீட்டர் என்றால் ஒன்றுக்கு 17 கிராம். ஒரு மெகாவாட்டுக்கு 450 வாட் பேனல் 2,200 சொச்சம் வேண்டும். அதாவது நாலைந்து ஏக்கர் நிலத்தின் மேல் 37, 38 கிலோ காட்மியம் நிற்கிறது.

நிற்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சோலார் பேனல் மேல் விழுந்த மழைத்தண்ணீர் விஷம், கிணற்றில் இறங்கினால் ஆடு மாடு சாகும் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. அது தவறு. காட்மியம் தனி உலோகமாக இருந்தால் 321 டிகிரியில் உருகும், 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். டெல்லூரியத்தோடு சேர்ந்துவிட்டால் ஆயிரம் டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. அதையும் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் பிசினில் பொதிந்து, ஓரம் முழுக்க பியூட்டைல் ரப்பரால் அடைத்திருக்கிறார்கள். பேனல் முழுசாக இருந்தால் மழை அதைத் தொடவே முடியாது.

ஆபத்து மூன்று வழியில் வரும்: பேனல் உடைவது, ஆசிட் படுவது, பழைய இரும்புக் கடைக்குப் போவது. மூன்றும் ஒன்றாகச் சேர்வதுதான் மோசம்.

காட்மியம் உடம்புக்குள் போனால் சுலபத்தில் வெளியே வராது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். முதலில் சிறுநீரகம் கெடும், சிறுநீரில் புரதம் இறங்கும், பிறகு எலும்பு சுண்ணாம்பு இழக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு வந்த இட்டாய்-இட்டாய் நோய் இதனால்தான். அங்கே காரணம் சுரங்கக் கழிவு, சோலார் அல்ல. ஆனால் பயிர் வழியாக மனிதனுக்கு வரும் பாதையைக் காட்டிய சம்பவம் அது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தை முதல் வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. வாய் வழியாகப் போவதைவிட மூச்சு வழியாகப் போகும் தூசியும் புகையும் உடம்பில் அதிகமாக ஏறும்.

ஒரு பேனல் நொறுங்கி அதன் 17 கிராமும் ஒரு சென்ட் நிலத்தின் மேல்மண்ணில் கலந்துவிட்டது என்று மோசமான கணக்கே போடுவோம். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர், அரை அடி ஆழம், ஏறத்தாழ 8 டன் மண். கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் கூடும். பண்ணை மண்ணுக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் உச்சவரம்பே 1 முதல் 3 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம், 17 கிராமும் கரைந்தால் 56 லட்சம் லிட்டரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். நிஜத்தில் இப்படி முழுசாகக் கரையாது. கண்ணாடி பெரிய துண்டுகளாக உடைந்து பிசினில் ஒட்டிக்கொண்டே நிற்கும்போது, விரிசல் ஓரத்திலிருந்து கொஞ்சம்தான் கசியும். எவ்வளவு பொடியாகிறதோ, எவ்வளவு புளிப்பான தண்ணீர் படுகிறதோ, எவ்வளவு காலம் கிடக்கிறதோ, அவ்வளவுக்குக் கரையும்.

இதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. கோவை, திருப்பூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், பி.எச். 8-ஐத் தொடும். அப்படிப்பட்ட மண்ணில் காட்மியம் இறுகிக்கொள்ளும், பயிருக்கு ஏறுவது குறைவு. ஆனால் குப்பைமேட்டிலும், அழுகும் கழிவு கொட்டிய குழியிலும் ஊறும் தண்ணீர் புளித்திருக்கும். உடைந்த பேனலை அங்கே போட்டால் மண் கொடுத்த பாதுகாப்பு போய்விடும்.

ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய தப்பு. ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரில் பேனல் கழுவினால் வெயிலில் காய்ந்து உப்பு வெள்ளையாகப் படியும். நாலைந்து மாதத்தில் தேய்த்தாலும் போகாது. உடனே பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றித் தேய்க்கிறார்கள். எந்தப் பேனலுக்கும் இது கெடுதல். ஃபிரேம் அரிக்கும், ஓர அடைப்பு இளகும், எதிரொளி தடுக்கும் பூச்சு போகும். காட்மியம் டெல்லுரைடு பேனலில் ஒரு விரிசல் இருந்தால் போதும், தண்ணீரில் கரையாத அந்தப் படலம் ஆசிட்டில் கரையத் தொடங்கும். கழுவிய தண்ணீர் நேரே பேனலின் கால்மாட்டு மண்ணில் விழும். மறுசுழற்சி ஆலையிலும் இதே வேதியியல்தான்: பேனலைச் சுத்தியல் மில்லில் நாலைந்து மில்லிமீட்டர் துண்டாக நொறுக்கி, கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டுப் படலத்தைக் கரைத்து எடுக்கிறார்கள். ஆலையில் அந்தக் கரைசலைத் தொட்டியில் பிடித்து, உலோகத்தைத் திரும்பப் பிரிக்கிறார்கள். தோட்டத்தில் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

கழுவ மழைத்தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன்பு, மென்மையான மாப் வைத்துத் தேய்த்து ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டால் உப்பு படியாது. உச்சி வெயிலில் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினால் விரிசல் விடும். தின் ஃபிலிமுக்கு இது கூடுதல் கவலை. சிலிக்கான் பேனல் முகப்பு பெரும்பாலும் முழு டெம்பர் (சூடேற்றிப் பதம் ஏற்றிய) கண்ணாடி. உடைந்தால் சர்க்கரைக்கட்டி மாதிரி சிதறும். காட்மியம் டெல்லுரைடு பேனலில் அந்த அளவு பதம் ஏற்றாத கண்ணாடி. நீளமான, கத்தி போன்ற துண்டாக விரிசல் ஓடும்.

வேறு எதனால் உடைகிறது? ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு, தளர்ந்த கிளிப் ஆடி ஆடி ஓரத்தில் கீறல் விழும். தளராமல் இருக்கட்டும் என்று ஸ்பேனரால் மூச்சுப் பிடித்து முறுக்கினாலும் அதே ஓரம்தான் போகும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்க வேண்டும். புல் வெட்டும் பிரஷ் கட்டர் பிளேடு தெறிக்கவிடும் சரளைக்கல் இன்னொரு காரணம். தென்னைக்கு அருகில் வைத்தால் தேங்காய், மட்டை. கோடை மழையின் ஆலங்கட்டி. துடைக்கப் போய் பேனல் மேலேயே ஏறி நடப்பது.

விரிசல் கண்ணில் படாவிட்டாலும் இன்வெர்ட்டர் காட்டிக்கொடுக்கும். மார்கழியில் பனி பெய்த காலையில் இன்சுலேஷன் ஃபால்ட் (மின்கசிவு) காட்டி நின்று, ஒன்பது பத்து மணிக்குப் பனி உலர்ந்ததும் தானாக ஓட ஆரம்பித்தால், எங்கோ ஈரம் உள்ளே போகிறது என்று அர்த்தம். ரீசெட் பண்ணி விட்டுவிடாதீர்கள். ஸ்டிரிங் ஸ்டிரிங்காக (தொடராக இணைத்த பேனல் வரிசை வரிசையாக) பிரித்து, மெகர் என்ற மின்காப்பு சோதிக்கும் கருவி வைத்துப் பார்த்தால் எந்தப் பேனல் என்று பிடிபடும். நிறம் வெளுத்து வரிவரியாகத் தெரியும் பேனலும் ஈரம் புகுந்ததுதான்.

உடைந்த பேனலை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இன்வெர்ட்டரை நிறுத்தி டி.சி. ஐசொலேட்டரை (பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கியபின்தான் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். லோடு ஓடும்போது இழுத்தால் ஆர்க் (தீப்பொறி) அடிக்கும், டி.சி. ஆர்க் தானாக அணையாது. ஐசொலேட்டரை இறக்கினாலும் வெயில் இருக்கும்வரை அந்த ஒரு பேனலிலேயே 200 வோல்ட் நிற்கும். உடைந்த இடத்தில் மின்கடத்திப் படலம் வெளியே தெரியும், ஈரக்கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. சூரியன் இறங்கியபின் எடுங்கள். இல்லையென்றால் கெட்டியான தார்ப்பாய் போட்டு முழுசாக மூடிவிட்டுத் தொடுங்கள். ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, அதன் மேல் தோல் கையுறை, என்.95 மாஸ்க், கண்ணாடி, ஷூ.

விரிசல் மேல் அகலமான பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள். கீழே சிதறியதைச் சீமாறு வைத்துக் காய்ந்தபடி கூட்டக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, தகட்டால் வழித்து எடுக்க வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், மெல்லிய தூசியைப் பின்னால் ஊதிவிடும். மண்ணில் சிதறியிருந்தால் மேலே இரண்டு அங்குலம் மண்ணையும் சேர்த்துச் சுரண்டிப் பையில் கட்டுங்கள். பேனலை 800 கேஜ் பாலித்தீனில் சுற்றி, சிமெண்ட் தளம் உள்ள, மழை படாத கொட்டகையில் நிறுத்துங்கள். அதே கொட்டகையில் ஆசிட் கேனோ உரமூட்டையோ மாட்டுத் தீவனமோ இருக்கக் கூடாது. கை கால் கழுவாமல் பீடியோ வெற்றிலையோ வாய்க்குப் போகக் கூடாது. புகையிலைச் செடியே மண்ணிலிருந்து காட்மியத்தை நிறைய இழுக்கும் செடி; புகைப்பவர் உடம்பில் ஏற்கெனவே காட்மியம் கூடுதலாக இருக்கும்.

பேனலுக்குக் கீழே ஆடு மேய விடுவது நல்ல யோசனை, புல் வெட்டும் கூலியும் கல் தெறிப்பும் மிச்சம். கொழுக்கட்டைப் புல் வளர்ந்த கொரங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் காட்டில்) மயிலம்பாடி ஆடு மேய்வதற்குப் பேனல் நிழல் இடைஞ்சல் இல்லை. ஒன்று மட்டும்: உடைந்த வரிசையில் கண்ணாடி பொறுக்கி முடியும்வரை ஆட்டை விடாதீர்கள். காட்மியத்துக்கு முன்பே கண்ணாடித் துண்டு குடலைக் கிழித்துவிடும்.

தீ விபத்து பற்றியும் கேள்வி வரும். நார் மில், கழிவுப் பஞ்சு மில் கூரைமேல் சோலார் போடுவது இங்கே அதிகம், இரண்டுமே தீக்குப் பேர்போன தொழில். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வசிலிஸ் ஃப்தெனாகிஸ் குழு காட்மியம் டெல்லுரைடு பேனல் துண்டுகளை 1,100 டிகிரி வரை சுட்டுப் பார்த்தது. கண்ணாடி உருகி ஒட்டிக்கொண்டு 99.96 சதவீதம் காட்மியத்தை உள்ளேயே பிடித்துக்கொண்டது. அது ஆய்வகச் சூளை. நிஜத் தீயில் கண்ணாடி பிளந்து துண்டு துண்டாக விழுவதும் உண்டு, எனவே புகை படாமல் காற்று வரும் பக்கம் நிற்பதும், சாம்பலை உரக்குழியில் கொட்டாமல் தனியாக மூட்டை கட்டுவதும் கட்டாயம். தீயணைப்பு வண்டி வந்ததும் கூரையில் டி.சி. இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிலிக்கான் பேனல் எரிந்தாலும் புகை சுத்தம் கிடையாது: பின்பக்கத்து ஃபுளோரின் பிளாஸ்டிக் ஷீட் ஹைட்ரஜன் ஃபுளோரைடு விடும், செல்களை இணைக்கும் பற்றவைப்பில் ஈயம் இருக்கும்.

பழைய இரும்புக் கடைதான் எனக்குப் பெரிய கவலை. அங்கே பேனலுக்கு மதிப்பு அலுமினியத்திலும் செம்பு ஒயரிலும் மட்டும். ஃபிரேமைக் கழற்றி, ஜங்ஷன் பாக்ஸை உடைத்து, கண்ணாடியைப் பள்ளத்தில் கொட்டுவார்கள், அல்லது ஒயர் எடுக்கத் தீ வைப்பார்கள். முழுசான பழைய பேனலைக் கோழிச்சாளைக் கூரைக்கும், தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் மலிவாகக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. கூரையில் ஓட்டை போடவோ, கட்டிங் மெஷினில் அறுக்கவோ போனால் அந்தத் தூசி நேரே மூச்சில் போகும். கோழிப்பண்ணை அமோனியா ஓர அடைப்பையும் கனெக்டரையும் வேறு அரிக்கும். பண்ணைக்கூரைக்குப் புதுப் பேனல் வாங்கினால்கூட அமோனியா சோதனை தேறியதா என்று கேளுங்கள். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதை நாம் பார்த்தோம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை, கழிவுக்கு யார் பொறுப்பு என்பது முடிவாகாமலே நொய்யல் செத்துக்கொண்டிருந்தது. பேனலில் அந்தப் பொறுப்பை முன்கூட்டியே எழுதி வாங்க முடியும்.

சட்டமும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. சோலார் பேனலும் அதில் வருகிறது. தயாரிப்பாளரும், சொந்த பிராண்டில் விற்பவரும், இறக்குமதியாளரும் 2034-35 வரை சேரும் பேனல் கழிவைப் பத்திரமாகச் சேமித்து வைத்து, கணக்குக் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். எனவே பேனல் பில், சீரியல் நம்பர் பட்டியல் இரண்டையும் தொலைக்காதீர்கள். உடைந்த அன்றே லேபிளைப் போட்டோ எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

குத்தகைப் பத்திரத்தில் இவை இருக்கட்டும். பேனல் வகை, எண்ணிக்கை, தயாரிப்பாளர் பெயர். உடைந்த பேனலை ஏழு நாளைக்குள் நிலத்தைவிட்டு எடுத்துப்போவது, எடுத்துப்போனதற்கு மறுசுழற்சிச் சான்று தருவது. நிலத்தில் புதைக்கவோ நொறுக்கவோ ஆசிட்டில் கழுவவோ தடை. குத்தகை முடிந்ததும் பிரித்து எடுக்கும் செலவுக்கு வங்கி உத்தரவாதம். அதுவும் முதல் வருடமே, கடைசி வருடம் அல்ல. கம்பெனி கைமாறினால் புது முதலாளிக்கும் இதெல்லாம் பொருந்தும் என்ற வரி. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் முன்னால் எழுதியதெல்லாம் காற்றோடு போய்விடும், சோலார் பண்ணைகள் அடிக்கடி கைமாறுகின்றன.

முதல் கம்பம் ஊன்றும் முன்பே மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் காட்மியம் தெரிந்தாலும் பாஸ்பேட் உரத்திலிருந்து வந்தது என்று சொல்லிக் கம்பெனி தப்பிக்கலாம். பாஸ்பேட் உரத்தில் காட்மியம் இருப்பது உண்மைதான். சாதாரண மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துதான் வரும். காட்மியம், ஈயம், செலினியம் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுங்கள். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழம் வரை எடுத்து, ஒன்றாகக் கலந்து, கால் கால் பங்காகக் குறைத்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். எடுக்க ஸ்டெயின்லெஸ் கரண்டியோ மரக்கட்டையோ போதும். ஜிங்க் பூசிய மண்வெட்டியும் ஜி.ஐ. வாளியும் கூடாது, துத்தநாகத்தோடு காட்மியமும் ஒட்டி வந்து ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடும். தண்ணீருக்கு லேபிலேயே நைட்ரிக் ஆசிட் விட்ட பாட்டில் தருவார்கள். அதைக் கழுவாமல் அப்படியே பிடியுங்கள். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு வரும் தண்ணீராக இருக்கட்டும்.